நீலக்கோடு

குமாரக்காட்டூர்
4.7.1993

அன்புள்ள புவனா,

நானும் அர்ஷத்தும் அல்லாவின் கருணையில் சுகம். பீளமேட்டிலிருந்து இங்கே தபால் வர ஒரு நாள்தான் ஆகிறது. உனக்கு எழுத மனசு வரத்தான் நாலு மாசம் ஆகிறது போலிருக்கிறது. போகட்டும், கோபத்தை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு மாற்றல் ஆகிவிட்டது. பல்லடத்துக்குப் பக்கத்தில் குமாரக்காட்டூர் உயர்நிலைப் பள்ளியில் வேலை, வீடும் இங்கேயே. சேர்ந்த அன்றைக்கே ஹெச்.எம். வெங்கடலட்சுமி அம்மா சொல்லிவிட்டார்: "பூகோளமெல்லாம் பரீட்சைக்கு ரெண்டு வாரம் முன்னாடி மனப்பாடம் பண்ணுனா போதுமுங்க. உங்க பீரியடைக் கணக்குக்குக் குடுத்துருங்க." மன்றாடி வியாழக்கிழமை மூன்றாம் பீரியடை மட்டும் திரும்ப வாங்கியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் அமேசான் ஆற்றின் துணை நதிகளை மூச்சு விடாமல் சொல்கிறான். "உங்க ஊர்த் தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்றேன். "குழாய்லங்க டீச்சர்" என்றான். சிரித்துவிட்டேன், பிறகு சங்கடமாகிவிட்டது. இந்த வருடம் பிள்ளைகளை வைத்து அவர்கள் ஊருக்கு அவர்களே ஒரு மேப் போட வைக்கப்போகிறேன்.

நம் கூடப் படித்த பதினெட்டுப் பேரில் மேப் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவள் நீ ஒருத்திதான். உன் ஆபீஸில் இந்த ஊருக்குப் பெரிய அளவில் மேப் ஏதாவது இருந்தால் ஒரு பிரதி அனுப்பேன். பிள்ளைகளிடம் உன்னைப் பற்றி ஏகப்பட்ட பெருமை அடித்து வைத்திருக்கிறேன்.

உன் சமீரா


பீளமேடு
1.8.1993

அன்புள்ள சமீரா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துத்தான் பிரித்தேன். பிரித்து, மேஜை டிராயரில் போட்டு, மூன்று வாரம் ஆகிவிட்டது. வேலை அதிகம். மன்னித்துக்கொள் அம்மணி.

ஆபீஸ் மேப்பை வெளியே கொடுக்க எங்கள் முதலாளி கிருபாசங்கர் சார் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தப் பக்கம் பெரிதாகப் பார்க்கவும் ஒன்றுமில்லை. எல்லாம் வறண்ட மேட்டாங்காடு. இந்த வெயிலில் பிள்ளைகளை ஏன் அலைய விடுகிறாய்? வகுப்பிலேயே ஒரு மாதிரி மேப் போட வையேன், அது போதும்.

பார்சலில் ஒரு திசைகாட்டியும் கலர் பென்சில் நாலு டப்பாவும் அனுப்பியிருக்கிறேன். காரமடையில் அப்பா அம்மா சவுக்கியம். அம்மா உன்னைக் கேட்டார்கள். அர்ஷத் அண்ணாவிடம் விசாரித்ததாகச் சொல்.

புவனா


குமாரக்காட்டூர்
3.10.1993

அன்புள்ள புவனா,

திசைகாட்டி வந்த நாளிலிருந்து வகுப்பில் அதைத் தொட அடிதடி. உனக்கு நாற்பத்திரண்டு பேரின் நன்றி.

நீ வேண்டாமென்று சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். காலடி எண்ணித் தூரம் அளக்கிறோம். கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கி, எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று பார்க்கிறோம். கிணறு கிணறாகப் போய் ஆளுக்கொரு கை தண்ணீர் குடித்து, நல்ல தண்ணியா சப்பையா என்று எழுதுகிறோம். தோட்டத்துக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே கூப்பிட்டு, "எங்க கெணத்தைப் போட்டீங்களா கண்ணு?" என்று கேட்கிறார்கள்.

செல்லாத்தாள் என்று ஒரு பெண். குலதெய்வத்தின் பேர் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் வாயே திறக்காதவள். போன வாரம் ஊருக்கு வடக்கே வண்டித்தடம் மாதிரிக் கிடக்கிற ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டு கேட்டாள்: "டீச்சர், இது தடமுன்னா கல்லெல்லாம் ஏனுங்க இப்படி உருண்டையா இருக்குது?"

நானும் இறங்கிப் பார்த்தேன். அது வண்டித்தடம் இல்லை புவனா, ஓடை. தண்ணீர் வந்து பல வருடம் ஆனதால் ஊரே மறந்துவிட்டது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே நடந்தாள். ஒன்றரை மைல் தாண்டி அந்தப் பள்ளம் ஒரு புதுச் சாயப்பட்டறையின் கழிவுத்தண்ணீர்க் குட்டைக்குப் பக்கத்தில் போய் முட்டியது. குட்டையின் கரை வெறும் மண். செல்லாத்தாள் திரும்பி நின்று கீழே ஊரைப் பார்த்தாள். "மழை பேஞ்சா இது பூராவும் நம்ம கெணத்துக்குத்தானுங்களே டீச்சர் வரும்" என்றாள்.

பதினாலு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது பட்டறைக்கு அனுமதி கொடுத்தவர்களுக்கு எப்படித் தெரியாமல் போனது? நீ ஒரு நாள் வந்து பாரேன். சரிவு பார்ப்பதில் உன்னை மிஞ்ச நம் வகுப்பில் யார் இருந்தார்கள்?

உன் சமீரா


பீளமேடு
21.10.1993

சமீரா,

தீபாவளிக்கு முன்னால் வேலை குவிந்து கிடக்கிறது. வர முடியாது.

ஒன்று சொன்னால் தப்பாக நினைக்காதே. பத்து வருடமாகத் தண்ணீர் வராத பள்ளம் அது. பிள்ளைகள் எதையும் பெரிதாக்கிச் சொல்லும். பட்டறை விவகாரத்தில் நீ தலையிட்டால் ஊருக்குள் உனக்குத்தான் பொல்லாப்பு. அதற்கென்று அதிகாரிகள் இருக்கிறார்கள். நீ பாடத்தை நடத்து.

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

புவனா


குமாரக்காட்டூர்
23.11.1993

புவனா,

நேற்று கலெக்டர் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. அதனால் இன்றுதான் எழுதுகிறேன்.

இரண்டு வாரம் முன்னால் மூன்று நாள் விடாமல் மழை. பள்ளத்தில் வெள்ளம் வந்தது. குட்டையின் கரையை அறுத்துக்கொண்டு, முதலில் கருநீலமாக, பிறகு சிவப்பாக வந்தது. ஏழு கிணறு போய்விட்டது. பள்ளிக்கூடக் கிணறும் அதில் ஒன்று. செல்லாத்தாள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்து வெள்ளைத் துணியை நனைத்தால் துணி ஊதாவாகிறது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது.

திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள். பெற்றோர் பத்துப் பேர், பிள்ளைகள் ஐந்து பேர், நான். பிள்ளைகள் போட்ட மேப்பை மேஜைமேல் விரித்தோம். அதிகாரி நல்ல மனுஷர்தான், பொறுமையாகப் பார்த்தார். பிறகு பட்டறைக்காரர் அனுமதி வாங்கும்போது கொடுத்த மேப்பை ஃபைலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "நீங்க சொல்ற ஓடையே இதுல இல்லீங்களே டீச்சர். இது படிச்சவங்க சர்வே பண்ணிப் போட்டது. குழந்தைங்க கலர் பென்சில்ல போட்டதை வெச்சு நான் என்னங்க பண்றது?"

செல்லாத்தாள் கேட்டாள்: "அப்ப அந்த மேப்புப் போட்டவங்க எங்கூருக்கு வந்தே பாக்கலீங்களா சார்?"

அதிகாரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த மேப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கைக் காட்டும் அம்புக்கு, நீ எப்போதும் போடுகிற மாதிரி, தலையில் ஒரு பாதிக்கு மட்டும் கறுப்பு அடித்திருந்தது. வரைந்தவர் என்ற இடத்தில் உன் முதலெழுத்து. மூன்று வருடம் உன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவள் நான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அது நீ போட்டதில்லை என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

சமீரா


பீளமேடு
5.12.1993

சமீரா,

நான் போட்டதுதான்.

பத்து நாளாக இந்த ஒரு வரியை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஏப்ரலில் அந்தப் பட்டறைக்காரருக்காகச் சர்வே பண்ண நான் குமாரக்காட்டூருக்கு வந்தேன். அளவுச் சங்கிலி பிடிக்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் அந்தக் காட்டில் நடந்தேன். உன் செல்லாத்தாள் பார்த்த உருண்டைக் கல்லை நானும் கையில் எடுத்துப் பார்த்தேன். ஓடை என்று அப்போதே தெரியும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "ரோடு போடப் போறாங்களா அம்மணி?" என்று கேட்டார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். "ஆமாங்க்கா, ரோடுதானுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் பொய் அது.

ஆபீஸில் உட்கார்ந்து மேப்பை வரைந்தபோது பள்ளத்தை நீலத்தில் போட்டேன். கிருபாசங்கர் சார் பார்த்தார். திட்டவில்லை, மிரட்டவில்லை. ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். "ஏனுங்க புவனா, தண்ணி வராத பள்ளத்துக்கு எதுக்குங்க நீலக்கோடு? இது இருந்தா ஓடைக்குப் பக்கம்னு சொல்லி ஃபைலைத் திருப்பி அனுப்பிச்சுருவாங்க. எடுத்துப்போடுங்களேன்."

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்காது சமீரா. அவர் முகம் கொஞ்சம் சுண்டியிருக்கும், வேறு யாரிடமாவது கொடுத்திருப்பார், அவ்வளவுதான். அந்த முகச் சுளிப்புக்குப் பயந்தேனா, நல்ல பொண்ணு என்ற பேருக்கு ஆசைப்பட்டேனா, இன்றைக்கு வரைக்கும் எனக்கே தெரியவில்லை. "சரிங்க சார்" என்றேன்.

மையைப் பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டிய இடம் சொரசொரப்பாகிவிடும். விரல் நகத்தால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். விளக்கில் பிடித்துப் பார்த்தபோது கோடு இருந்த தடயமே இல்லை. அதைப் பார்த்து ஒரு பெருமை வந்தது எனக்கு. அந்தப் பெருமையை நினைக்கும்போதுதான் இப்போது சோறு இறங்குவதில்லை.

உன் முதல் கடிதத்தில் ஊர்ப் பேரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னை நடக்க வேண்டாமென்றும், பாடத்தை நடத்து என்றும் எழுதியது உன் நல்லதுக்காக இல்லை. அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மழைக்கு முன்னால் கரையைக் கட்டியிருக்கலாம். நாலு மாதம் இருந்தது. கோட்டை எடுத்ததைவிட அந்த நாலு மாதம்தான் என்னை அதிகம் அறுக்கிறது.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் இல்லை.

புவனா


குமாரக்காட்டூர்
2.1.1994

புவனா,

உன் கடிதத்தை அர்ஷத்திடம்கூடக் காட்டவில்லை. ஒரு மாதம் பதில் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. உன்னிடம் எந்தக் குரலில் பேசுவது என்று தெரியவில்லை.

செல்லாத்தாள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். கிணறு போனதும் அவள் அப்பா தக்காளிக் காட்டை அப்படியே விட்டுவிட்டார். தினமும் காலையில் திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனி வேன் வருகிறது. அவளும் அம்மாவும் அதில் ஏறிப் போகிறார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் சொன்னாள்: "நாங்க சரியாத்தானுங்க டீச்சர் போட்டோம். சரியாப் போட்டும் ஒண்ணும் ஆகலீங்களே." வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அந்த ஒரு பேச்சு அழித்துவிட்டது. பார்த்து எழுது, உள்ளதை எழுது, உன் மண்ணைத் தெரிந்துகொண்டால் அதைக் காப்பாற்றலாம் என்றெல்லாம் சொல்லியிருந்தேன். இனி எந்த முகத்தோடு சொல்வேன்?

நமக்குப் பாடம் நடத்தியவர்களும் ஒன்றுதான், படித்த புத்தகமும் ஒன்றுதான். அதே படிப்பு உனக்குக் கோட்டை எங்கே எடுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்திருக்கிறது. வகுப்பில் நின்றுகொண்டு இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? காட்டில் நீ எழுதிய ஃபீல்டு புக் ஆபீஸில்தானே இருக்கும்? அதில் பள்ளம் இருக்குமே. 24ஆம் தேதி திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் நாள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் போய்ச் சொல். நான் அங்கே வர மாட்டேன்.

சமீரா


காரமடை
6.2.1994

சமீரா,

அப்பா வீட்டிலிருந்து எழுதுகிறேன். பீளமேட்டு அறையைக் காலி செய்துவிட்டேன்.

24ஆம் தேதி போனேன். முந்தின சனிக்கிழமையே கிருபாசங்கர் சாரிடம் சொல்லிவிட்டேன், ஒளித்துச் செய்ய மனசில்லை. "எங்க மேல உங்களுக்கு என்னங்க கோவம்?" என்றார். "கோவமே இல்லீங்க சார், தப்பு என்னுதுங்க" என்றேன். "அப்ப திங்கக்கெழமையிலிருந்து வர வேண்டாமுங்க." அப்போதும் ங்க போட்டுத்தான் பேசினார். ஃபீல்டு புக்கில் பள்ளம் இருக்கிற இரண்டு பக்கத்தையும் அதற்கு முன்னாலேயே பிரதி எடுத்து வைத்திருந்தேன்.

நடந்ததை நான் எழுதிக் கொடுத்ததைக் கலெக்டர் ஆபீஸில் உன் அதிகாரி இரண்டு தரம் படித்தார். "இதுல கையெழுத்துப் போட்டா உங்க மேலயும் நடவடிக்கை வருமுங்க, தெரியுமில்ல?" என்றார். போட்டேன்.

அங்கிருந்து நேராகக் குமாரக்காட்டூர் பஸ் ஏறினேன். உன் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் நடந்தேன், உள்ளே வரத் துணிவில்லை. செல்லாத்தாள் வீட்டை விசாரித்துப் போனேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். காய்ச்சல் என்று அவள் அம்மா மட்டும் வீட்டில் இருந்தார். அன்றைக்கு ரோடு பற்றிக் கேட்ட அக்கா இவர்தானா என்று முகத்தைப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அப்போது அந்த முகத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். வைவார், விரட்டுவார் என்று நினைத்தேன். உட்காருங்க என்று கட்டிலைக் காட்டினார். கூட்டிப்போய்க் கிணற்றைக் காட்டினார். அப்புறம் கேட்டார்: "அந்தக் கோட்டை இப்ப மறுக்காப் போட்டுட்டா, தண்ணி மாறிருமுங்களா அம்மணி?"

இல்லீங்க்கா என்றேன். நான் அந்த ஊரில் சொன்னதிலேயே சொல்லக் கஷ்டமான நிஜம் அதுதான்.

புவனா


குமாரக்காட்டூர்
19.6.1994

புவனா,

நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை, அதனால் எழுதுகிறேன்.

மார்ச்சில் அதிகாரிகள் வந்தார்கள். உன் இரண்டு பக்கத்தையும் பிள்ளைகளின் மேப்பையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் வழியே நடந்தார்கள். முன்னால் நடந்து வழி காட்டியது என் வகுப்பு. குட்டையை வேறிடத்தில் சிமென்ட் போட்டுக் கட்டும்வரை பட்டறையை மூடச் சொல்லி உத்தரவு. பட்டறைக்காரர் அப்பீல் போயிருக்கிறார். கிணறுகள் அப்படியே கிடக்கின்றன. குடிக்கத் தண்ணீர் இரண்டு மைலிலிருந்து வண்டியில் வருகிறது. ஹெச்.எம். அம்மா பூகோளத்துக்கு வாரத்துக்கு உண்டான மூன்று பீரியடையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெற்றோர் வந்து கேட்டார்களாம்.

செல்லாத்தாள் வரவில்லை. இனி வர மாட்டாள் என்று நினைக்கிறேன்.

இப்போது பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்தப் பிள்ளைகள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். அந்த மேப்பைப் போட்டவங்க நல்லாப் படிச்சவங்கதானே டீச்சர், பின்னே ஏனுங்க ஓடையை எடுத்தாங்க? அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. மேப் எப்படிப் போடுவது என்று நான் சொல்லிக்கொடுத்தேன். போட்டதை ஒரு படித்த கை எப்படி எடுக்கிறது என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். நாளைக்கு இவர்களில் யாராவது ஒருத்தர் உன் நாற்காலியில் உட்காருவார்கள்.

30ஆம் தேதி வியாழன், மூன்றாம் பீரியட். வகுப்பில் நான் இருக்க மாட்டேன். வருவதானால் வா.

சமீரா


காரமடை
3.7.1994

சமீரா,

வகுப்பு வாசல் வரைக்கும் கூட்டிவந்து, "இவங்கதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. பிள்ளைகள் வாயால் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

ஒரு டிரேசிங் தாள், மை, பிளேடு கொண்டுபோயிருந்தேன். அவர்கள் கண் முன்னால் பள்ளத்தை நீலத்தில் வரைந்தேன். பிறகு சுரண்டினேன். நகத்தால் தேய்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். முன் பெஞ்சுப் பெண் தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலீங்க" என்று அடுத்தவளிடம் கொடுத்தாள். தாள் வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தது.

சார் மரியாதையாகக் கேட்டதையும், நான் சரி என்றதையும், ரோடு என்று பொய் சொன்னதையும், உன் கடிதம் வந்த பிறகு நாலு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். ஒரு பையன் கேட்டான்: "உங்களுக்கு எங்களைத் தெரியாதுங்கறதாலீங்களா?" ஆமாம் என்றேன். "தெரிஞ்சிருந்தா எடுத்திருக்க மாட்டீங்களா?" சமீரா, நீ அங்கே இருப்பது தெரிந்த பிறகும் நான் சொல்லவில்லையே. அதையும் சொன்னேன்.

கடைசிப் பெஞ்சில் கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள். "மறுக்கா அந்த மாதிரி ஒருத்தர் மரியாதையாக் கேட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"எடுக்க மாட்டேன் கண்ணு" என்றேன்.

"காலேஜுல படிக்கிறப்பவும் அப்படித்தானுங்களே நெனச்சிருப்பீங்க?"

சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

நான் வெளியே வந்தபோது நீ ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் நின்றிருந்தாய். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து வந்தாய். அதற்கு நன்றி சொன்னால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

மரியாதையாகக் கேட்டால் என்ன பண்ணுவீர்கள் என்ற அந்தப் பெண்ணின் கேள்வியை அடுத்த வியாழக்கிழமை வகுப்பில் போடு. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேள். எனக்கு எழுத வேண்டும் என்று உனக்கு எப்போதாவது தோன்றினால், அதை மட்டும் எழுது. வேறெதுவும் வேண்டாம்.

புவனா